‘ஓடினால் காணும்’ என்பதை இனி விடுவோம்: யாழ்ப்பாணத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரருக்கும் கராச்காரருக்கும் ஒரு திறந்த மடல்

ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற்றோ எம்.ஜி. மிட்ஜெற்றோ வாங்கி வைத்திருக்கிற, வாங்க ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிமாருக்கும், அதைக் கையில் எடுத்துத் திருத்தப் போகும் கராச் அண்ணைமாருக்கும் வணக்கம்.

முதலில் அண்ணைமாரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1990இல் பொருளாதாரத் தடை இறுகிய பிறகு பெற்றோல் இல்லாத ஊரில், நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் கேம்பிரிட்ஜையும் ஓட வைத்தவர்கள் நீங்கள், அல்லது உங்களுக்குத் தொழில் பழக்கியவர்கள். அந்தக் கெட்டித்தனத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கென்று செய்த ஒப்பேற்றல்கள் இன்றைக்கும் பழைய வாகனங்களுக்குள் அப்படியே கிடக்கின்றன. கையிலும் பழக்கமாகிவிட்டன. நோயாளியைக் கொண்டுபோக நின்ற மைனருக்கு ‘ஓடினால் காணும்’ என்பது சரியான வைத்தியம். ஆசைக்கு வைத்திருக்கிற, நிமிடத்துக்கு 4,500 சுற்றில் இழுக்க நினைக்கிற காருக்கு அதே வைத்தியம் விஷம். இந்த மடல் அதைப் பற்றியதுதான்: மாற்றம் செய்யமுதல் பழைய ஒப்பேற்றல்களைக் கழற்றுங்கள், அளந்து பாருங்கள்.

ஸ்பிரைற் 1958இல் வந்தது. மிட்ஜெற் 1961இல். இரண்டும் ஒரே காரின் இரண்டு பெயர்ப்பலகைகள் என்றாலும் பிழையில்லை. யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஸ்பிரைற்றை வடிவமைத்தபோதே செலவைக் குறைக்க முன்சஸ்பென்சனை ஒஸ்ரின் ஏ35இலிருந்தும், ஸ்ரியரிங் றாக்கை மொறிஸ் மைனரிலிருந்தும் எடுத்தார்கள். எஞ்சினும் மைனரில் இருக்கும் அதே ஏ-சீரிஸ் குடும்பம்: முதலில் 948 சிசி, 1962இலிருந்து 1098, 1966இலிருந்து 1275. ஆகவே வளவுக்குள் கோழி அடைந்து கிடக்கும் மைனரை இரும்புக்கு விற்கமுதல் ஒருக்கா யோசியுங்கள். டிஃபரன்ஷியல் கூட மாறிப் பூட்டலாம். 1098 மைனரின் 4.22 பல்விகித டிஃபும் ஸ்பிரைற்றின் 4.22 டிஃபும் ஒன்றுதான்.

பொறியும் அங்கேதான் இருக்கிறது. ‘ஏ40’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கள் ஊரில் கனக்க ஓடிய ஏ40 டெவன், சமர்செற் இரண்டிலும் இருப்பது 1200 சிசி எஞ்சின். அது ஏ-சீரிஸ் அல்ல. அதன் ஒரு வால்வுகூட ஸ்பிரைற்றுக்குப் பொருந்தாது. 1958க்குப் பிறகு வந்த, பெட்டி மாதிரி வடிவமுள்ள ஏ40 ஃபரீனாவில்தான் ஏ-சீரிஸ் உண்டு. அதேபோல் மைனரின் 1098 எஞ்சினை ஸ்பிரைற்றுக்குள் இறக்கினால் ஓடும். ஆனால் அதன் கிராங்க் மெயின் பெயரிங் விட்டம் 1¾ அங்குலம். 1964க்குப் பிந்திய மிட்ஜெற்றின் 1098இல் அது 2 அங்குலம். மெல்லிய கிராங்க், 83.72 மில்லிமீற்றர் நீள ஸ்ரோக்: இரண்டும் சேர்ந்தால் 5,500 சுற்றுக்கு மேல் கிராங்க் வளைந்து துடிக்கத் தொடங்கும். மைனர் எஞ்சின் போட்டவர் காலை அதற்கேற்ப அடக்க வேண்டும். 1974க்குப் பிறகு வந்த மிட்ஜெற் 1500இல் இருப்பது ரையம்பின் எஞ்சின். அதற்கு இந்த மடல் பொருந்தாது.

இனித் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் பழைய எஞ்சினைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். எங்கள் தரை சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்க்காத வீடு இல்லை. அதே கிணற்றுத் தண்ணீரை முப்பது நாற்பது வருடம் றேடியேற்றருக்குள் ஊற்றினால் என்ன நடக்கும்? றேடியேற்றர்க் குழாய்கள் ஒடுங்கும். நாலாம் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறை, தண்ணீர் மெதுவாக ஓடும் மூலை என்பதால், துருவும் சுண்ணாம்பும் கலந்த சேற்றால் அடைபடும். கார் சூடாகும். உடனே எல்லோரும் செய்வது தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. ‘எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை’ என்பார்கள்.

தேவை. சந்தையடியில் நின்று ஓடும்போது வருகிற சூட்டுக்குத் தேர்மோஸ்ரற் காரணமே அல்ல. அந்த நேரம் அது முழுதாகத் திறந்துதான் இருக்கும். அடைபட்ட றேடியேற்றரும் காற்றோட்டமின்மையும்தான் காரணம். கழற்றி எறிந்தவர் ஆனையிறவு வெளியில் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடும்போது எஞ்சின் சூடேறாமலே கிடக்கும். ஒயிலுக்குள் சேர்ந்த ஈரமும் பெற்றோலும் ஆவியாகி வெளியேறாது, சிலிண்டர் சுவர் தேயும், பெற்றோலும் கூடக் குடிக்கும். வெப்பநாடுகளுக்கென்று காரைச் செய்த கொம்பனியே கொடுத்தது 74 பாகை தேர்மோஸ்ரற். 82 பாகை வழமையானது, குளிர் ஊருக்கு 88. 74ஐ வாங்கி, அதன் தட்டில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுப் பூட்டுங்கள். தண்ணீர் ஊற்றும்போது அடைபடும் காற்று அந்தத் துளையால் வெளியேறும்.

அதற்கு முதல் துப்பரவு. புளொக்கின் பின்பக்கத்து வடிகுழாய்த் திருகைக் கழற்றுங்கள். தண்ணீர் வராது, பெரும்பாலும் வராது. கம்பியால் குத்தினால் சேறு வரும், பிறகுதான் தண்ணீர். லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கலந்து நிரப்பி, எஞ்சினை 30, 40 நிமிடம் சூடாக ஓடவிட்டு இறக்குங்கள். இராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டாம்: தேர்மோஸ்ரற் மூடி அலுமினியம், அதை அமிலம் தின்னும். வருகிற தண்ணீர் பால் போல வெளுத்திருந்தால் இன்னொரு தரம் செய்யுங்கள். பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீர் ஒரு தடவை, வெறும் தண்ணீர் இரண்டு தடவை. றேடியேற்றரைத் தனியாகக் கழற்றி, ஓடும் தண்ணீரைக் கீழ்க்குழாயால் ஏற்றி மேலால் வடியவிடுங்கள். இவ்வளவும் செய்தும் எஞ்சின் சூடான பிறகு கையை வைத்துப் பார்க்கும்போது றேடியேற்றரின் முகத்தில் குளிர்ந்த பட்டைகள் தெரிந்தால் அமிலத்தால் ஆகாது. மேல் தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட வேண்டும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிரப்புவது பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் மட்டும். எங்களுக்குப் பனி இல்லை என்பதால் மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் காணும். உறையாமல் இருப்பதற்கல்ல, துருப்பிடிக்காமல் இருப்பதற்குத்தான் அது. றேடியேற்றர் மூடி விஷயத்தில் இன்னொரு கவனம். ஆரம்பகால ஸ்பிரைற்றுக்கு 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம்) மூடி. ஜப்பான் காரின் மூடி அளவில் பொருந்துகிறது என்று 13 பிஎஸ்ஐ மூடியைப் போட்டால் அறுபது வருடத்து ஈயப்பற்று விட்டுக்கொடுக்கும்.

மண்ணெண்ணெயின் தடயங்களுக்கு வருவோம். மைனரிலிருந்து வந்த எஞ்சின் என்றால், அல்லது கார் அந்தக் காலத்தில் ஊரில் நின்றது என்றால், இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மண்ணெண்ணெய் சுலபத்தில் தட்டும் எரிபொருள். அதனால் இக்னிஷனைப் பின்தள்ளி வைத்திருப்பார்கள்; அழுக்கம் குறைய ஹெட்டுக்குக் கீழே இரட்டைக் கஸ்கற்றும் இருக்கக்கூடும். எரியாமல் வடிகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி, அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பிற்குள் இறங்கி ஒயிலையும் இளக்கும். பிஸ்ரன் றிங்கும் பெயரிங்கும் தேய்ந்தது அப்படித்தான்.

கொம்பிறஷன் பரிசோதனை பத்து நிமிட வேலை. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், அக்சிலரேற்றர் முழுதாக அழுத்தியிருக்க வேண்டும். கடைசிச் சொன்னதை மறப்பவர்கள்தான் அதிகம்; த்றொட்டில் மூடியிருந்தால் நல்ல எஞ்சினும் நோயாளி போலக் காட்டும். நல்ல 1098 ஒன்று 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். நாலும் ஒரே சீராக 110 என்றால் தேய்மானத்தை மட்டும் சந்தேகிக்காதீர்கள். கஸ்கற் எத்தனை என்று பாருங்கள். ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கும்போது எண் ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. நடுவில் இருக்கும் 2உம் 3உம் மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கிடையில் கஸ்கற் எரிந்திருக்கிறது, அல்லது வால்வு இருக்கைகளுக்கு நடுவில் ஹெட் வெடித்திருக்கிறது. வெடித்த ஹெட்டை ‘ஒட்டலாம்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பிறகு ரைமிங், அதாவது பிளக்கில் பொறி வரும் நேரம். 948க்கும் 1098க்கும் நின்ற நிலையில் 5 பாகை முன்னால், 1275க்கு 7. குறி எஞ்சினின் அடிப்பக்கத்தில், ரைமிங் மூடியின் கூர்முனைகளில் இருக்கிறது. காரை உயர்த்தி, கம்பித்தூரிகையால் தேய்த்தால்தான் தெரியும். அதனால்தான் காதை நம்பி வைக்கிறார்கள். பொயின்ற் இடைவெளி 15 தௌ (தௌ என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று), பிளக் 25 தௌ, வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ. வால்வுக்கு ‘ஒன்பது’ விதி: 1ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஐச் சரிபாருங்கள், 3 திறந்திருக்கும்போது 6ஐ, இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. இவற்றை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்: வால்வு, பொயின்ற், ரைமிங், கடைசியாகக் காபரேற்றர். காபரேற்றரில் தொடங்குபவர் மற்ற மூன்றின் பிழையையும் காபரேற்றருக்குள் ஒளித்து வைக்கிறார்.

எஸ்.யூ. காபரேற்றரைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு இருப்பதால் ஒழுங்கு தேவை. ஜெற்றை மேல்மட்டத்தோடு சமமாக ஏற்றி, பிறகு ஆறுமுக நட்டைப் பன்னிரண்டு பக்கம், அதாவது முழுதாக இரண்டு சுற்று, கீழே இறக்கித் தொடங்குங்கள். இரண்டின் காற்றையும் சமப்படுத்த ஒரு முழம் றப்பர்க் குழாய் காணும்: ஒரு முனை காதில், மறுமுனை காபரேற்றரின் வாயில். இரண்டிலும் சீறல் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். பிறகு கலவை. காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெதுவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே விழுந்தால் பெற்றோல் போதாது. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. முன்பு யார் நீடிலை, அதாவது ஜெற்றுக்குள் பெற்றோலை அளந்து விடும் ஊசியை, தேய்த்தார்கள் என்று தெரியாததால், இரண்டு நீடிலையும் கழற்றித் தண்டில் பொறித்த எழுத்து ஒன்றா என்று பாருங்கள். இரண்டு காபரேற்றருக்குள்ளும் இரண்டு விதமான நீடில் இருந்தால் எத்தனை நாள் சரிக்கட்டினாலும் சரிவராது. மேல் சிமிழுக்குள் விடுவது மெல்லிய 20ஆம் இலக்க ஒயில். பிரேக் ஒயில் விடுபவரிடமிருந்து காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

காபரேற்றருக்கும் எக்ஸோஸ்ற்றுக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டு இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். பெற்றோலுக்கு அந்தச் சூடே எதிரி. அந்தத் தட்டு கழன்றுபோன காரில், வெயிலில் ஓடி நிறுத்திப் பதினைந்து நிமிடத்தில் திரும்ப ஸ்ராட் பண்ணினால் எடுக்காது. ‘கொயில் பழுது’ என்று கொயிலை மாற்றுவார்கள். தட்டைச் செய்து பூட்டுங்கள். இரண்டு பக்கமும் தடித்த இன்சுலேற்றர் கஸ்கற் வையுங்கள்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. ஏ-சீரிஸ் ஹெட்டின் எக்ஸோஸ்ற் வால்வு இருக்கை வெறும் வார்ப்பிரும்பு. ஈயத்தின் மெத்தை இல்லாமல் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையும். புதையும்போது வால்வு இடைவெளி கூடாது, குறையும். 12 தௌ வைத்தது சில ஆயிரம் கிலோமீற்றரில் 8 ஆகிவிட்டால் அதுதான் அடையாளம். வால்வு தட்டும் ‘ரப்பற்’ சத்தம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். ஆனாலும் நல்ல ஹெட்டை இதற்கென்றே கழற்ற வேண்டாம். மணிக்கு 70 கிலோமீற்றரில் போகிற காருக்கு இது மெதுவான நோய். வேறு வேலைக்கு ஹெட் இறங்கும்போது எக்ஸோஸ்ற் நாலுக்கும் மட்டும் கடின உருக்கு வளையம் அடித்தால் போதும்.

ஒயில் பற்றி ஒரு விஷயம் அடிக்கடி பிழைபோகிறது. ஏ-சீரிஸ் ஸ்பிரைற், மிட்ஜெற், மைனர் கியர்பொக்ஸுக்கு விடுவது எஞ்சின் ஒயில். ஆம், அதே 20W-50, கிட்டத்தட்ட 1.3 லீற்றர். ‘கியர்பொக்ஸ் என்றால் கியர் ஒயில்’ என்று 90 விட்டால் அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளைச் சிங்குறோ வளையங்களை அரிக்கும். தடிப்பினால் வளையம் பிடிக்காமல் இரண்டாம் கியர் கரகரக்கும். பிறகு ‘பொக்ஸ் போய்விட்டது’ என்பார்கள். பின் அச்சுக்குத்தான் 90 ஹைப்பொயிட் ஒயில், ஒரு லீற்றர் அளவில். முன்பக்கம் ஒவ்வொரு சில்லுக்கும் மூன்று கிறீஸ் நிப்பிள்: கிங்பின்னில் இரண்டு, கீழ்க்கையின் வெளிமுனையில் ஒன்று. இந்த மூன்றாவதைக் காணாமல் விட்டுவிடுகிறார்கள். அது காய்ந்தால் புரியுள்ள பின் தன் இருக்கையோடு தேய்ந்து இறுகும். அதைக் கழற்ற முழுக் கீழ்க்கையையும் வெட்ட வேண்டி வரும். 1,500 கிலோமீற்றருக்கு ஒருக்கா, சில்லைத் தூக்கிவைத்து, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். தூக்காமல் அடித்தால் பாரம் விழும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

காசு எண்ணிக் கொடுக்கமுதல் வாங்குபவர் செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை. பின்சில்லுக்கு முன்னால் ஜாக் வைத்து உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினால், மேல் இடைவெளி குறைந்தால், அந்தக் காரின் சில் செத்துவிட்டது. கூரையில்லாத இந்தக் காருக்குக் கதவின் கீழே ஓடும் சில்தான் முதுகெலும்பு. வெளியில் புதிதாகப் பூசிய பெயின்ற் எதையும் சொல்லாது, காந்தம் சொல்லும். பின் ஸ்பிரிங் வந்து சேருமிடம், கதவு கீல்தூணின் அடி, கால் வைக்கும் தரையின் முன்மூலைகள், பற்றறித் தட்டு ஆகியவற்றைக் குத்திப் பாருங்கள். ரிங்கரிங் (தகர வேலை) செய்யும் அண்ணைமாருக்கு ஒரு வேண்டுகோள்: கதவின் கீழுள்ள இரண்டு சில்களையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். கதவு வாயின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒட்டி, கார் தன் சில்லுகளில் நிற்கும் பாரத்தோடு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். இல்லையென்றால் கார் வாழைப்பழம் போல வளையும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ காற்றுக் காலத்தில் போனால் உப்புத்தூறல் அடியில் படியும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கதவின் கீழுள்ள சில்களின் அடி ஓட்டைகளைக் கம்பியால் திறந்து வையுங்கள். பாதிக் கார்களில் அவை தார்ப்பூச்சால் மூடப்பட்டிருக்கும். துருவின் மேல் தார் பூசுவது, ஈரத்தை உள்ளே பூட்டிச் சாவியை எறிவதுதான்.

எஞ்சினைத் தொடமுதல் பிரேக்கைத் தொடுங்கள். இந்தக் கார்களில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை, ஹாண்ட்பிரேக் மட்டும்தான். ஹோஸ்கள் வெளியில் நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும்: மிதித்து விட்ட பிறகும் ஒரு சில்லு இறுகியே நின்றால் அதுதான் காரணம். டொட் 4 ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடற்காற்றில் வருடத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள். ட்றம் உள்ள 948க்கு 1098 மிட்ஜெற்றின் முன் டிஸ்க்குகள் அப்படியே பூட்டும். எங்களைக் கேட்டால் இந்தக் காருக்குச் செய்யத்தக்க முதல் மாற்றம் இதுதான். ட்றம்முக்கென்று இருந்த மாஸ்ரர் சிலிண்டரின் மீதியழுக்க வால்வைக் கழற்ற மறக்க வேண்டாம், டிஸ்க் உரசிச் சூடாகும். பிரேக் மிதியை இலகுவாக்கும் சேர்வோ வேண்டாம். 700 கிலோக் காருக்கு அது சோம்பல்.

இப்போது நீங்கள் காத்திருக்கும் பகுதி: வேகம். சுருக்கமாகவே சொல்கிறோம். 948 வைத்திருப்பவர் 12G295 என்ற இலக்கம் வார்த்த ஹெட்டைத் தேடுங்கள். 1275இன் 12G940 ஹெட்டைச் சின்னச் சிலிண்டருள்ள புளொக்கில் அப்படியே வைத்தால் எக்ஸோஸ்ற் வால்வு புளொக்கில் இடிக்கும். அதற்குப் புளொக்கில் குழி வெட்ட வேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து பூட்டி, முதல் ஸ்ராட்டிலேயே வால்வை வளைக்காதீர்கள். லேத்தில் ஹெட்டைச் சீவுவதென்றால் ‘ஒரு இழுவை’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். கணக்கு இருக்கிறது. 1098இன் ஒரு சிலிண்டர் 274.5 சிசி. மேலே மிஞ்சும் இடம், கஸ்கற்றும் சேர்த்து, 34.7 சிசி என்றால் அழுக்க விகிதம் 8.9. அந்த இடத்தில் 2.5 சிசி குறைந்தாலே 9.5 ஆகிவிடும், 92 ஒக்ரேனில் ஏற்றத்தில் தட்டும், பிஸ்ரன் வெடிக்கும். பிளக் பூட்டிய ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித்தகடு ஒன்றைக் கிறீஸால் ஒட்டி, ஊசி மருந்துக் குழாயால் மண்ணெண்ணெயை அளந்து விட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய்க்கு இந்த எஞ்சினில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது பார்த்தீர்களா.

மின்விசிறி போடப் போகிறவர் டைனமோவைக் கணக்கில் எடுங்கள். டைனமோ கொடுப்பது 22 அம்பியர், அதுவும் வேகத்தில். ஹெட்லைற்றுக்கு 8, இக்னிஷனுக்கு 4, பின்விளக்குகளுக்கு 2, விசிறிக்கு 8 என்றால் மிச்சமே இல்லை. நின்று ஓடும்போது டைனமோ ஒன்றுமே கொடுக்காது, விசிறி தேவைப்படுவதும் அப்போதுதான். ஆகவே விசிறி என்றால் அல்ரனேற்றர். முந்திய கார்கள் பொசிற்றிவ் ஏர்த்: பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். மாற்றாமல் அல்ரனேற்றரை இணைத்தால் டயோட் அந்தக் கணமே போகும். இன்னொன்று: ஆரம்பகாலக் கார்களில் ஆர்.பி.எம். மீற்றரை ஓட்டுவது டைனமோவின் வாலிலிருந்து போகும் கேபிள். டைனமோ போனால் மீற்றரும் போச்சு.

ரயர் 145 அல்லது 155, 13 அங்குலம். மூன்றரை அங்குல றிம்மில் 185 மாட்டினால் ஓரத்தில் உரசும், ஸ்ரியரிங் கல்லாகும். சத்தமான சைலன்சர் குதிரைவலுவைக் கூட்டாது. ஒழுங்கைக்குள் இருக்கிற கிழவிகளின் திட்டைத்தான் கூட்டும்.

எஞ்சினை மாற்றினால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் சி.ஆர். புத்தகத்தின் (வாகனப் பதிவுப் புத்தகத்தின்) எஞ்சின் இலக்கத்தையும் மாற்றுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டவர்களின் கார்கள்தான் விற்க முடியாமல் தகரக் கொட்டிலுக்குள் நிற்கின்றன.

கராச் அண்ணைமாரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் எதை மாற்றினாலும், எந்த அளவு வைத்தாலும், ஒரு மட்டையில் எழுதி பொனற்றின் உட்புறம் ஒட்டுங்கள்: திகதி, ரைமிங் எத்தனை பாகை, நீடில் எழுத்து எது, கஸ்கற் எத்தனை, கியர்பொக்ஸுக்குள் என்ன ஒயில். கழற்றிய பழைய உதிரியை எறியாமல் பெட்டியில் போட்டு உரிமையாளரிடமே கொடுங்கள். அடுத்து அந்தக் காரைத் திறப்பவர் உங்களுடைய மகனாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
பழைய எஞ்சின்களோடு மினக்கெடும் சிலர்
யாழ்ப்பாணம்

பி.கு. 1: இந்தக் கார்களின் புரிகள் எல்லாம் அங்குல அளவு. 5/16 அங்குல நட்டுக்குள் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டு மூன்று சுற்று போகும். அதற்கு மேல் போவது புரியை அறுத்துக்கொண்டுதான். அரை அங்குல நட்டை 13 ஸ்பனரால் கழற்றலாம் போலத் தோன்றும், மூலை உருளும். 9/16 நட்டுக்கு 14 போகாது, 15 வழுக்கும். அங்குல ஸ்பனர் ஒரு செற் வாங்குவது முதற்செலவு.

பி.கு. 2: ஹெட் இறக்கினால், ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடுவில் இருக்கும் இரண்டு அங்குல றப்பர்த் துண்டைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். நூறு ரூபாய்ச் சாமான் மாதிரித்தான் இருக்கும். பிறகு அது வெடித்தால் அதை மாற்ற ஹெட்டையோ பம்பையோ திரும்பக் கழற்ற வேண்டும். ஹெட் நட்டுக்களை நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவையாக, 948க்கும் 1098க்கும் 40 இறாத்தல்-அடி வரை இறுக்கி, எஞ்சின் ஒருக்காச் சூடாகிக் குளிர்ந்த பிறகு மீண்டும் சரிபார்த்து, வால்வு இடைவெளியை அதற்குப் பிறகே வையுங்கள்.